மூவர் பந்தல் அண்ட் சேர் சப்ளை

கொட்டாங்குளம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்று பேர் கடை போட்டிருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை உண்டு என்று ஊரில் சொல்வார்கள். அதை அன்றைக்கு யார் வைத்திருப்பது என்பதில்தான் அடிக்கடி குழப்பம் வந்துவிடும்.

மூத்தவன் பூவலிங்கம். அவன் வாயைத் திறந்தால், திருவிழா மைக்கில் காணாமல்போன குழந்தையைப் பற்றி அறிவிப்பதுபோல இருக்கும். "அன்பார்ந்த ஒச்சப்பா, உன் டீ ஆறிக்கொண்டிருக்கிறது" என்பான். அடுத்தவன் ஒச்சப்பன். அவனுக்கு எதிலும் சந்தேகம். "இது டீதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பான். மூன்றாவது சீனிச்சாமி. மூக்கால் பேசுவான். யார் கடைசியாக எதைச் சொன்னாலும் "அதான் சரி" என்பான்.

அஞ்சாம் வகுப்பை மூன்று பேரும் நாலு வருஷம் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருத்தன் பாஸாகிப் போய்விட்டால் மற்ற இரண்டு பேர் மனசு என்ன பாடுபடும் என்றுதான் ஃபெயிலானோம் என்பார்கள். வாத்தியார் வேறு காரணம் சொல்வார்.

கடையில் இருநூறு நீல நாற்காலி, நாலு கட்டு பந்தல் துணி, வாசலில் போர்டு எல்லாம் இருந்தன. வருஷம் ஒன்றாகிவிட்டது. வந்த ஆர்டர் ஒன்றே ஒன்று, அவர்கள் கடைத் திறப்பு விழா. அதிலும் பந்தல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வாடிக்கையாளர் என்ற முறையில் அவர்களே புகார் சொல்லி, கடைக்காரர் என்ற முறையில் அவர்களே மன்னிப்பும் கேட்டார்கள்.

மூன்று பேர் வீட்டிலும் பொறுத்துப் பார்த்துக் கெடு வைத்துவிட்டார்கள். ஆடி பிறப்பதற்குள் ஒரு கல்யாண ஆர்டராவது பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பூவலிங்கம் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு, ஒச்சப்பன் ஓசூரில் மாமா பேக்கரிக்கு, சீனிச்சாமி கேரளாவில் ரப்பர் தோட்டத்துக்கு.

"மூணு ஊருக்கும் நடுவுல ஒரு ஊர் இருக்கும்ல? சாயங்காலம் அங்க கூடிக்கலாமா?" என்றான் ஒச்சப்பன்.

"நடு ஊர் எது என்று தெரியவில்லையே" என்றான் பூவலிங்கம்.

"அதான் சரி" என்ற சீனிச்சாமி அழ ஆரம்பித்தான்.

அழுதுகொண்டே தவமணியிடம் போனார்கள். பூவலிங்கத்தின் கூடப்பிறந்த அக்கா. இன்சூரன்ஸ் ஏஜென்ட். அந்த ஊரில் நாய்க்குக்கூட அவள் ஸ்கூட்டர் சத்தம் தெரியும்.

"துணியும் சேரும் இருந்தா கடையாடா?" என்றாள் தவமணி. "பழக்கம் வேணும்டா. பழக்கம்னா என்னங்கற? எந்த வீட்டுக்குப் போனாலும், வாங்கப்பானு நமக்கு ஒரு சேர் எடுத்துப் போடணும். அந்த அளவுக்குப் பழகிட்டீங்கன்னா ஆர்டர் தானா வரும். மொதல்ல ஒரு விசிட்டிங் கார்டு அடிச்சு, கண்ணுல படுற ஆளுக்கெல்லாம் கொடுங்க."

கார்டு அடித்தார்கள். கண்ணில் பட்ட ஆளுக்கெல்லாம் கொடுத்தார்கள். கடைக்கு எதிரே டீக்கடை மாயாண்டி. அவர் ஒரு நாளைக்கு எண்பது தடவை கண்ணில் பட்டார். எண்பது தடவையும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் தவமணி அங்கே வடை வாங்கினாள். வடை ஒரு கார்டின் மேல் உட்கார்ந்து வந்தது. எண்ணெயில் ஊறி 'மூவர்' என்பதும் போன் நம்பரும் மட்டும் தெரிந்தன.

நேரே கடைக்கு வந்தாள். "ஏண்டா, கார்டுன்னா அப்படியாடா கொடுக்கறது? ஒரு மட்டு மரியாதை வேணாம்? வீடு தேடிப் போங்கடா. உக்காந்து, நல்லது கெட்டது விசாரிச்சு, முறையாக் கொடுங்க. இன்னொண்ணு, போன இடத்துல ஒங்க பெருமையப் பேசக் கூடாது. அவங்களப் பேசவிட்டுக் கேளுங்க."

அவள் போனதும் மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசனை செய்தார்கள்.

"முறையாக் கொடுக்கறதுன்னா எப்படி?" என்றான் ஒச்சப்பன்.

"வீடு தேடிப் போய்க் கார்டு கொடுப்பதற்கு இந்த ஊரில் இருப்பது ஒரே முறைதான்" என்றான் பூவலிங்கம்.

மறுநாள் காலை மூவரும் வெள்ளை வேட்டியில் கிளம்பினார்கள். கையில் எவர்சில்வர் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, பழம், கல்கண்டு, குங்குமம். நடுவில் நாலு மூலையும் மஞ்சள் தடவிய விசிட்டிங் கார்டு.

முதல் வீடு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் வீடு. உட்கார்ந்தார்கள். ஒச்சப்பன் நோட்டைப் பிரித்தான்.

"ஒங்க வீட்டுல நல்லது என்னங்க?"

போஸ்ட்மாஸ்டர் மனைவி யோசித்தார். "முட்டிவலி கொஞ்சம் பரவால்ல."

"சரிங்க. கெட்டது?"

"இவரு ரிட்டயர் ஆயி வீட்டோட இருக்காரு."

"ரெண்டையும் எழுதிக்கிட்டேங்க" என்றான் ஒச்சப்பன். போஸ்ட்மாஸ்டர் எட்டிப் பார்த்து எழுத்துப் பிழை இல்லை என்று தலையாட்டினார்.

பிறகு புருஷனையும் பெண்டாட்டியையும் சேர்ந்தாற்போல் கிழக்கே பார்த்து நிற்கச் சொல்லி, பூவலிங்கம் தாம்பாளத்தை நீட்டினான். "அவசியம் குடும்பத்தோடு வந்துவிட வேண்டும்."

"அதான் சரி" என்றது மூக்கு.

"யாருக்குப்பா விசேஷம்?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

தங்களைப் பற்றிப் பேசக் கூடாதல்லவா? மூவரும் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். வெட்கப்படுகிறார்கள் என்று அந்த அம்மாள் எடுத்துக்கொண்டார்.

இப்படி ஊரில் ஒரு வீடு பாக்கியில்லை. வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டபின் போகாமல் இருக்க முடியுமா? என்றைக்கு என்பதுதான் தெரியவில்லை. தெருக்குழாயடியில் பெண்கள் கூடிக் கார்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார்கள். 'காலை 9 முதல் இரவு 8 வரை. ஞாயிறு விடுமுறை' என்று இருந்தது. "ஞாயித்துக்கிழமை முகூர்த்தம் வேணாங்கறாங்க. அப்ப வெள்ளிக்கிழமைதான்" என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்குக் கடையைத் திறந்தால் வெளியே ஊரே பட்டுப்புடவையில் நிற்கிறது. ஆளுக்கொரு குத்துவிளக்கு, சுவர்க்கடிகாரம்.

"எதுக்கு வந்திருக்காங்க?" என்றான் ஒச்சப்பன் மெதுவாக.

"தெரியவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது. வந்தவர்களை உட்கார வைப்போம்."

அரை மணி நேரத்தில் பந்தலைக் கட்டினார்கள். ஊரே பார்க்கிறதே என்ற பயத்தில் நேராகவே வந்துவிட்டது. இருநூறு நாற்காலியும் போட்டார்கள், இருநூறும் நிறைந்தது. சீனிச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டத்தில் குசுகுசுவென்று ஒரே ஆராய்ச்சி. "மூணு பேர்ல மாப்பிள்ளை யாரு?" "அந்த மூக்குல பேசறவனாத்தான் இருக்கும். அவன் ஒருத்தன்தான் குளிச்ச மாதிரி இருக்கான்." பத்தரை மணிக்குப் பசி வந்து, ஊரே மாயாண்டி கடையில் வடை தின்றது. அதுவும் கார்டின் மேல்தான் வந்தது.

அந்த நேரத்தில் ரைஸ்மில் முதலாளி சங்கிலிமுத்து மனைவியோடு காரில் வந்து இறங்கினார். ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். ஜில்லாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி பந்தல் போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தார். தூணைத் தட்டிப் பார்த்தார்.

"பந்தல் அம்சமா இருக்கே. யாருப்பா கட்டினது?"

ஒரு வருஷமாகக் காத்திருந்த கேள்வி வந்தே விட்டது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஓரமாகப் போய் ஆலோசனை செய்தார்கள். திரும்பி வந்தார்கள்.

"அதை நாங்கள் சொல்லக் கூடாதுங்க. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றான் பூவலிங்கம்.

"என்னைப் பத்தி என்னத்தச் சொல்ல? பந்தல்காரன் யாருன்னு கேட்டேன்."

"ஒங்க வீட்டுல நல்லது என்னங்க?" என்றான் ஒச்சப்பன், நோட்டோடு.

"எம்மகளுக்குக் கல்யாணம்."

"கெட்டது?"

"பந்தலுக்கு ஆள் கிடைக்கலடா."

"அடப்பாவமே" என்று மூவரும் உச்சுக் கொட்டினார்கள்.

சங்கிலிமுத்து நெற்றியைத் தடவிக்கொண்டு சட்டைப் பையில் கைவிட்டார். மஞ்சள் தடவிய கார்டு அகப்பட்டது. படித்தார். அவர்களைப் பார்த்தார். மறுபடி படித்தார். செல்போனை எடுத்து அந்த நம்பரை அடித்தார். பூவலிங்கத்தின் பையில் மணி அடித்தது.

"ஒரு கால் வருகிறது, மன்னிக்கணும்" என்று அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். "வணக்கம், மூவர் பந்தல் அண்ட் சேர் சப்ளை. யார் பேசுவது?"

"ஒனக்குப் பின்னால நிக்கறேன்டா."

"எந்த ஊரில் நிற்கிறீர்கள்?"

"திரும்பாதடா. இப்படியே பேசினாத்தான் நீ பதில் சொல்ற. ஆவணி பதினாறு, எம்மக கல்யாணம். இதே மாதிரி பந்தலு, இருநூறு சேரு. புரிஞ்சுதா?"

"குறித்துக்கொண்டோம். தங்கள் அழைப்புக்கு நன்றி." போனை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினான். "முதலாளி, எங்களுக்கு ஒரு ஆர்டர் வந்திருக்கிறதுங்க. யாரோ நல்ல மனுஷன்."

ஆடிக்கு ஆறு நாள் இருக்கும்போது கெடு தப்பியது. கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சங்கிலிமுத்து முறை தெரிந்தவர். ஆவணி பிறந்ததும் மனைவியோடு கடைக்கே வந்து, வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகை கொடுத்து, "மூணு பேரும் குடும்பத்தோட வந்துடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்திரிகையில் 'ஆவணி பதினாறு' என்று பார்த்த பிறகுதான், போனில் ஆர்டர் கொடுத்த அந்த நல்ல மனுஷன் இவர்தான் என்று தெரிந்தது. மூவருக்கும் முகம் வெளுத்துவிட்டது.

"முன்னாடி வேலைக்குக் கூப்பிட்டாரு. இப்ப விருந்துக்குக் கூப்பிட்டிருக்காரு. விருந்தாளி போயி சேர் எறக்கினா அவருக்குக் கேவலம் இல்லையா?" என்றான் ஒச்சப்பன்.

"அதான் சரி."

"எறக்காட்டி எல்லாரும் எங்க உக்காருவாங்க?"

"அதான் சரி."

தவமணிக்குப் போன் போட்டார்கள். அவள் ஸ்கூட்டரில் போய்க்கொண்டே, "ஏண்டா உயிர எடுக்கறீங்க? பழக்கம்னா மொதல்ல நாம கொடுக்கணும், அப்புறந்தான் வாங்கணும். கல்யாணத்துக்கு வெறுங்கையோட போய் நிக்காதீங்க. வர்ற ஆளு ஒவ்வொருத்தர் கையிலயும் ஒங்க கார்டு இருக்கணும். வைடா போன" என்றாள்.

தெளிவு பிறந்துவிட்டது. முதல் நாள் மத்தியானம் கைலி கட்டி, வேலைக்காரர்களாகப் போய்ப் பந்தல் கட்டினார்கள். மறுநாள் காலை பட்டு வேட்டி கட்டி, விருந்தாளிகளாகப் போனார்கள். கூடவே இரண்டு லாரி. லாரியில் இருநூறு நாற்காலி. ஒவ்வொன்றும் ஜிகினாத் தாளில் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி, ரிப்பனில் ஒரு கார்டு. 'அன்புடன் மூவர்.'

உட்கார வந்தவர்கள் ஆளுக்கொன்று வாங்கிப் பிரித்தார்கள். இருநூறு பேர் ஒரே நேரத்தில் ஜிகினாத் தாள் பிரித்த சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு மழையா என்று வெளியே பார்த்தார். சங்கிலிமுத்துவுக்கு மீசை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூவரை நோக்கி வந்தார். அதற்குள் சம்பந்தி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க ஊர்ல தேங்காயும் பையும்தான் கொடுப்பாங்க. வந்த ஆளுக்கெல்லாம் தாம்பூலமா ஒரு நாற்காலி கொடுத்த மனுஷன நான் பாத்ததில்ல சம்பந்தி."

சங்கிலிமுத்து சம்பந்தியைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு மீசையை நீவிவிட்டு, "ஏதோ, நம்மளால முடிஞ்சது" என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் இருநூறு பேரும் ஆளுக்கொரு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். மூவரும் வாசலில் நின்று கைகூப்பி வழியனுப்பினார்கள். "பத்திரமா எடுத்துட்டுப் போங்க" என்றுகூடச் சொன்னார்கள்.

மறுநாள் கடையில் நாலு கட்டு பந்தல் துணி மட்டும் இருந்தது. விஷயம் கேள்விப்பட்டு, மூன்று பேர் வீட்டிலும் டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார்கள். மூவரும் கடைசியாக ஒருதரம் ஊரிடம் சொல்லிக்கொண்டு வரக் கிளம்பினார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும், "வாங்கப்பா" என்று ஒரு நீல நாற்காலியை எடுத்துப் போட்டார்கள்.

"அக்கா சொன்ன அளவுக்குப் பழக்கம் வந்துவிட்டது" என்றான் பூவலிங்கம். "இனி எப்படி நாம் ஊரை விட்டுப் போக முடியும்?"

போஸ்ட்மாஸ்டர் வீட்டில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே அடுத்த ஆர்டர் வந்தது. அவர் பேத்திக்குக் காதுகுத்து. "சேருக்கு என்ன செய்வீங்க?" என்றார்.

"நீங்க கூப்பிடறவங்க எல்லார்கிட்டயும் இருக்குங்களே" என்றான் ஒச்சப்பன். "வரும்போது எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

ஊர் அப்படியே பழகிவிட்டது. பத்திரிகை வந்தால் பட்டுப்புடவை, கையில் நாற்காலி. ஏற்ற வேண்டாம், இறக்க வேண்டாம், எண்ண வேண்டாம். விசேஷம் முடிந்தால் நாற்காலியெல்லாம் தானாக வீட்டுக்குப் போய்விடும். தை மாதத்துக்குள் பதினெட்டு ஆர்டர். டிரங்குப் பெட்டிகள் மறுபடி பரணுக்குப் போயின.

பத்தொன்பதாவது, தவமணி மகள் சடங்கு. பந்தல் நிறைய ஜனம், எல்லாரும் அவரவர் நாற்காலியில். மூவர் மட்டும் காலையிலிருந்து தூணோரமாக நிற்பதைப் பார்த்துவிட்டு அவள் வந்தாள்.

"ஏண்டா நின்னுக்கிட்டே இருக்கீங்க? உக்காருங்கடா."

"எங்ககிட்ட சேர் இல்லையேக்கா" என்றான் ஒச்சப்பன்.

"அதான் சரி" என்றது மூக்கு.

"மூன்றே மூன்று சேர்தான் வேண்டும். வாடகைக்கு எடுக்கலாம் என்றால் ஒரு சேர் சப்ளைக்காரனையும் எங்களுக்குத் தெரியாது" என்றான் பூவலிங்கம்.

தவமணி கைப்பையைத் திறந்து, எண்ணெய்க் கறை படிந்த ஒரு கார்டை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

பூவலிங்கம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் போனை எடுத்து, நம்பரை ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்தான். காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டான்.

"என்ன ஆச்சு?" என்றான் ஒச்சப்பன்.

"பிஸியாக இருக்கிறார்கள்" என்றான் பூவலிங்கம். "நல்ல பழக்கவழக்கம் உள்ள ஆட்கள் போலிருக்கிறது."