தெய்வானை காயப்போட்ட புடவை

கேசட்டிலிருந்து கம்ப்யூட்டரில் படம் ஏற்றிய காலத்து ஆட்கள் இரண்டு பேர் எங்காவது எதிர்ப்பட்டால், மூன்றாவது பேச்சுக்குள் தெய்வானையின் புடவை வந்துவிடும். ஒருவர் சொல்வதுபோல் இன்னொருவர் சொல்வதில்லை. நடந்தது இதுதான்.

கோயம்புத்தூரில் காந்திபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். ஞாயிற்றுக்கிழமை மதியம் டைப்ரைட்டர்களுக்கெல்லாம் உறை போட்டு மூடிய பிறகு, பின்னறையில் நொய்யல் குழு கூடும். ஆளுக்கொரு சின்னக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். எல்லாம் சிங்கப்பூரிலிருந்தோ குவைத்திலிருந்தோ யாராவது சொந்தக்காரர் பெட்டியில் வந்தவை. டிவியோடு இணைத்து, டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டு ஓட்டினால், கீச்கீச்சென்று கத்திக்கொண்டே நிரல், அதாவது புரோகிராம், உள்ளே ஏறும்.

அவர்கள் எழுதியது விளையாட்டு இல்லை. ஆபீஸ் வேலைக்கும் ஆகாது. டெமோ என்பார்கள். இந்த எந்திரத்தால் இது ஆகாது என்று ஊர் நினைத்ததை, ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் செய்யவைத்துக் காட்டுவது. திரையில் தீ எரியும். நட்சத்திரங்கள் விரையும். அடியில் எழுத்துகள் வரிசையாக ஓடும்: யார் எழுதியது, யார் இசை, எந்த ஊர்க் குழுவுக்கு வணக்கம், எந்த ஊர்க் குழுவுக்குக் கிண்டல் என்று. அதற்கு வணக்க வரி என்று பெயர். கேசட் தபாலில் மதுரைக்கும் பெங்களூருக்கும் போகும். வணக்க வரியில் இருக்கும் பெயர்களும் கூடவே போகும்.

தெய்வானைக்கு அந்த வரியில் ஓர் இடம் வேண்டியிருந்தது.

அவளுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பி.ஏ. படித்தவள். ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அவள் விரல்களிலிருந்து நாடு முழுவதும் கடிதங்கள் போயிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கீழே வேறு யாரோ கையெழுத்துப் போடுவார்கள். அடித்தவள் யார் என்பதற்கு இடது ஓரத்தில், ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் இரண்டே எழுத்து. இருபத்தொரு வயதில் சேர்ந்ததிலிருந்து அவள் அந்த இரண்டு எழுத்தாகவே இருந்தாள்.

குழுவில் அவளுக்கு வாய்த்த குரு ஜெரோம். இருபத்து நான்கு வயது. ஞாயிறு காலையில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துவிட்டு மதியம் இங்கே வருவான். அவன் எழுதிய டெமோவைப் பார்த்த பெங்களூர்க்காரர்கள், இது நம்மிடம் இருக்கிற அதே எந்திரம்தானா என்று கேட்டு எழுதியிருந்தார்கள். முதல் மாதம் அவள் அவனை வா, போ என்றாள். இரண்டாம் மாதத்திலிருந்து வாங்க, போங்க. கேலியாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு மாற்றிக்கொள்ள முடியவில்லை. அவன் கடைசிவரை அக்கா என்றுதான் கூப்பிட்டான்.

ஜெரோம் யாருடைய பிழையையும் சுட்டிக்காட்டமாட்டான். ஓடாத நிரலைக் கொண்டுபோனால், சத்தம் போட்டுப் படிங்க என்பான். படித்துக்கொண்டே போகிறவர்கள் பாதியில் நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். அதோடு பாடம் முடிந்தது.

தெய்வானை எழுதியது ஒரு புடவை. கொடியில் காயும் புடவை காற்றில் அசைவது. திரையை நிறைத்த சிவப்பு. மஞ்சள் கரை. ஒவ்வொரு இழையும் பக்கத்து இழைக்குக் கொஞ்சம் பின்தங்கி அசையும். காற்று ஓய்ந்தால் தொய்யும், வீசினால் உப்பும். ஒரு வருஷ வேலை.

முடிந்ததும் ஜெரோமை வீட்டுக்கு வரவழைத்தாள். எந்திரத்தைப் போட்டாள். முதலில் 'அலை' என்ற சின்ன நிரலை ஏற்றினாள். பழக ஆரம்பித்த காலத்தில் எழுதியது அது. நாலைந்து நிமிஷம் திரை கறுப்பாகவே இருக்கும்; பிறகு ஒரு வளைகோடு வரைந்துவிட்டு நின்றுவிடும். பிறகு புடவையை ஏற்றினாள். புடவை அசைந்தது.

ஜெரோம் பார்த்தான். இன்னொரு தரம் போடச் சொன்னான். அவள் எந்திரத்தை அணைத்து, போட்டு, அலையை ஏற்றி, புடவையை ஏற்றினாள்.

"அலை எதுக்குங்க அக்கா?"

டேப்பின் சத்தம் கூடினாலும் குறைந்தாலும் நிரல் ஏறாது; சின்னது ஏறினால் பெரியதும் ஏறும் என்று தெரிந்துகொள்ளத்தான், என்றாள்.

"நல்ல பழக்கம்" என்றான் ஜெரோம்.

இது முடிந்ததா, கூட்டத்துக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டாள். அவன் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கொண்டாங்க" என்றான்.

பொங்கல் விடுமுறையில் வெளியூர்க் குழுக்களும் வந்து கூடுவார்கள். அன்று பொது எந்திரம் ஒன்றுதான். ஒருவர் டெமோ முடிந்ததும் இன்ஸ்டிட்யூட் முதலாளி வெங்கடாசலம் எழுந்துபோய் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு மறுபடி செருகுவார். முன்னால் ஓடியதன் மிச்சம் எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. குளிர்ந்த எந்திரம், ஒரு கேசட், ஒரே ஏற்றம். தொடக்கம் முதல் கடைசிவரை ஓடினால் குழு எழுதியவர் பெயரை வணக்க வரியில் சேர்க்கும். இல்லாவிட்டால் அடுத்த பொங்கல்.

தெய்வானையின் முறை வந்தது. டேப்பின் சத்தத்தை வெங்கடாசலம் முன்பே சரியாக வைத்து, திருகில் சாக்பீஸால் கோடும் போட்டிருந்தார். அலைக்கு வேலை இல்லை. அவள் புடவையை மட்டும் கொடுத்தாள்.

திரையில் சிவப்பு வந்தது. வந்த வேகத்தில் நார்நாராகப் பிரிந்து நாலா பக்கமும் தெறித்தது. மஞ்சள் கரை துண்டு துண்டாக மேலே ஏறி, அடியில் ஓடிய எழுத்துகளின்மேல் விழுந்து, எல்லாம் அப்படியே நின்றுபோனது.

"அக்கா, புடவை கிழிஞ்சிருச்சு" என்றான் மதுரைக் குழுவின் மலைச்சாமி.

அறையே சிரித்தது. பெங்களூர்க்காரர்களுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்கள் தாமதமாகச் சிரித்தார்கள்.

தெய்வானை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமோ அழுகையோ வருவதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. புடவை அசைய, எந்த இழை எவ்வளவு விலக வேண்டும் என்ற எண்களின் அட்டவணை ஒன்று வேண்டும். அந்த அட்டவணையைப் போட்டது அலை. அலை வேலை முடிந்து போனாலும், அது போட்ட எண்கள் எந்திரத்தின் நினைவகத்தில் ஒரு மூலையில் அப்படியே கிடக்கும். அடுத்த நிரல் வந்தாலும் அழியாது. மின்சாரம் போனால்தான் போகும். ஒரு வருஷமாக அவள் புடவை, அவள் மறந்துபோன ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அசைந்திருக்கிறது. அதைத் தன் பலம் என்று நினைத்திருக்கிறாள்.

ஜெரோமைப் பார்த்தாள். அவன் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

காரணத்தை அவள் சொன்னபோது வெங்கடாசலம் தன்மையாகவே பேசினார். இது ஒரு பெரிய குற்றமில்லை, வீட்டில் போடுவதுபோல் அலையைப் போட்டுவிட்டுப் புடவையைப் போடுங்கள், யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள் என்றார். மலைச்சாமியும், போடுங்கக்கா, நாங்க கண்ணை மூடிக்கிறோம் என்றான்.

"வேண்டாங்க" என்றாள் தெய்வானை. "குளிர்ந்த எந்திரத்துல ஓடணும்."

அடுத்த பொங்கல்வரை தள்ளாமல், சாப்பாட்டு இடைவேளை முடியும்வரை நேரம் கொடுத்தார்கள். மற்றவர்கள் எதிரே இருந்த மெஸ்ஸுக்குப் போனார்கள். அவள் சுவரோரமாக வைத்திருந்த தன் எந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். ஜெரோம் போகவில்லை. தன் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து அவள் முழங்கைப் பக்கம் வைத்தான். அந்த அட்டவணையைக் கண்மூடித் திறப்பதற்குள் போட்டுவிடும் அவனுடைய நிரல் அதில் இருந்தது. குழுவில் அது எல்லாருக்கும் தெரியும்.

"இதைச் சேர்த்துக்கிட்டா வணக்க வரியில உங்க பேரும் வரணும்" என்றாள்.

"ஆமாங்க அக்கா. அதுதானே முறை."

அவள் கேசட்டை அவன் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி, அலையில் எழுதிய அதே வழி. எந்திரத்தையே ஒவ்வோர் எண்ணாகக் கணக்குப் போடச் சொல்வது. சுருக்கமாக எழுதிவிடலாம், ஆனால் அந்த எந்திரம் அந்தக் கணக்கைப் போடுவது ஆமை வேகத்தில். நாலைந்து நிமிஷம் ஆகும். அவள் விரல்கள் விசையைப் பார்க்காமலே அடித்தன. மில் அலுவலகத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று அவசரப்படுத்துகிறவர்களுக்காக இத்தனை வருஷம் அடித்த விரல்கள், இன்று முதல்முறையாக யாரும் சொல்லாததை அடித்தன. பசித்தது. எழுந்திருக்கவில்லை. மெஸ்ஸிலிருந்து ஆட்கள் ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பத் தொடங்கினார்கள்.

டெமோவில் வெற்றுத்திரை என்பது மேடையில் பாட்டை மறந்து நிற்பது மாதிரி. ஒரு நிமிஷம் வெறுமையாக இருந்தாலே விசில் அடிப்பார்கள். நாலைந்து நிமிஷம் என்றால் எழுந்து போய்விடுவார்கள்.

"வாத்தியாரே" என்றாள், திரும்பாமலே. "கணக்கு முடியுற வரைக்கும் என்னத்தைக் காட்டறது?"

"என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லை. கணக்குத்தான் இருக்கு."

ஜெரோம் தன் கேசட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான்.

தெய்வானை கொஞ்ச நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு இன்னும் ஒரே ஒரு வரி அடித்தாள். புதிதாகக் கேசட்டில் பதிந்து எடுத்தாள்.

வெங்கடாசலம் மின்சாரத்தைப் பிடுங்கினார். செருகினார். கேசட் கத்தி ஓய்ந்தது. திரை கறுத்தது.

இடது ஓரத்தில் ஒரு புள்ளி வந்தது.

அவ்வளவுதான். வெகுநேரம் வேறொன்றும் வரவில்லை என்று தோன்றும்படி ஓர் இடைவெளி. பிறகு அதற்குப் பக்கத்தில், மயிரிழை உயரத்தில், இன்னொன்று. ஓர் எண்ணைப் போட்டு முடித்ததும் எந்திரம் ஒரு புள்ளி வைத்தது. அவள் கடைசியாக அடித்த வரி அதைத்தான் சொன்னது.

"மழை தூறுதுடோய். துணியை எடுங்க" என்றான் மலைச்சாமி. சிரிப்பு எழுந்தது. யாரோ விசில் அடித்தார்கள். பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஒருவர் எழுந்து கதவுவரை போனார்.

தெய்வானை நகரவில்லை. எந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றாள். யாரிடமும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

புள்ளிகள் மேலே ஏறின. ஏற ஏற ஒவ்வொன்றுக்கும் நடுவே உயரம் குறைந்தது. உச்சிக்குப் பக்கத்தில் வந்தபோது, அடுத்தது ஏறுமா இறங்குமா என்று முன்வரிசையில் இரண்டு பேர் மெல்லிய குரலில் பந்தயம் கட்டினார்கள். அது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்தது. அடுத்தது இறங்கியது. ஓர் ஆள் "ஆ" என்றார். கதவருகே போனவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். இத்தனை வருஷமாக அவர்கள் எல்லாரும் அந்த எந்திரத்தை ஓட ஓட விரட்டியவர்கள். அது யோசிப்பதை யாரும் நின்று பார்த்ததில்லை.

கோடு பள்ளத்தில் இறங்கி, மீண்டும் ஏறி, வலது ஓரத்தைத் தொட்டது. கடைசிப் புள்ளி விழுந்தது. மலைச்சாமி பெஞ்சின் நுனிக்கு வந்திருந்தான்.

அந்தக் கோட்டிலிருந்து புடவை இறங்கியது. கோடுதான் கொடி. காற்று வந்தது. சிவப்பு உப்பியது, தொய்ந்தது, கரை மடங்கித் திரும்பியது. அடியில் அவள் பெயர் ஓடியது. முழுப் பெயர்.

முதல் பரிசு பெங்களூர்க்காரர்களின் சுழலும் பூமிக்குக் கிடைத்தது. அது நியாயம்தான் என்று தெய்வானையே கைதட்டினாள். வெங்கடாசலம் நொய்யல் குழுவின் வணக்க வரியில் அவள் பெயரைச் சேர்க்கச் சொன்னார். கிளம்பும்போது மலைச்சாமி அவளை நிறுத்தி, ஆங்கிலத்தில் அவள் பெயருக்கு எத்தனை எழுத்து என்று கேட்டுச் சரிபார்த்துக்கொண்டான். தங்கள் அடுத்த கேசட்டில் போட வேண்டுமாம். வணக்கத்திலா கிண்டலிலா என்று கேட்டாள். ரெண்டுலயும்தாங்கக்கா என்றான்.

பஸ் நிறுத்தத்துக்கு ஜெரோமும் அவளும் நடந்தார்கள். அவள் எந்திரத்தை மஞ்சள் பையில் போட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"அன்னிக்கு வீட்டுல, அலையைப் போட்டப்பவே தெரிஞ்சுருச்சா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது அக்கா."

"அத்தனை பேர் சிரிச்சாங்க."

"ஆமாங்க."

அவள் நின்றுவிட்டாள். குரல் உயரவில்லை, ஆனால் விடுகிற குரலாகவும் இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லைங்க?"

ஜெரோமும் நின்றான்.

"சொல்லியிருந்தா புடவை மட்டும்தானே அக்கா வந்திருக்கும். கொடி வந்திருக்குமா?"