குளிப்பாட்டிய பிளக்

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பட்டறை. அதில் ஒரு குரு, ஒரு சீடர்.

குருவுக்கு வயது முப்பத்துநாலு. சீடருக்கு ஐம்பதைத் தாண்டி மூக்குக் கண்ணாடியும் வந்தாயிற்று. உலகத்தில் அப்படியும் நடக்கும்.

குருவின் பெயர் கோகிலவாணி. சாதாரணக் காரின் இன்ஜினில் டர்போவைப் பூட்டி, காற்றைத் திணித்து, பந்தயத்தில் பறக்கவிடுவது அவர் தொழில். சீடர் சென்னியப்பன், சங்ககிரியில் பாதி ஆயுள் லாரி இன்ஜினோடு குப்பை கொட்டியவர். மகள் இந்துஜா கார்ப் பந்தயத்தில் இறங்கியபோது சொந்தக்காரர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள். சென்னியப்பன் அடித்துக்கொள்ளவில்லை. ஓட்டுகிறவள் ஓட்டட்டும், அவள் உட்காரும் வண்டியின் இன்ஜின் என் கையால் பூட்டியதாக இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

இன்ஜினில் அவருக்குத் தெரியாதது குறைவு. ஆனால் டீசல் இன்ஜினுக்குப் பிளக் கிடையாது. அமுக்கினாலே தானாகப் பற்றிக்கொள்ளும், முன்கோபக்கார மாமனார் மாதிரி. பெட்ரோலை யாராவது பற்றவைக்க வேண்டும். அத்தனை பெரிய வேலையை, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ஸ்பார்க் பிளக்கை நம்பி விட்டிருக்கிறார்கள் என்பதுதான் சென்னியப்பனின் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெயித்தால் சென்னை அணி ஒன்று இந்துஜாவை எடுத்துக்கொள்ளும். தோற்றால் பெரியப்பா சொல்லி வைத்திருக்கிற பேங்க் வேலைக்குப் போகவேண்டும். வீட்டில் அப்படித்தான் பேச்சு. கையில் இருந்தது ஒரே இன்ஜின். அதற்கும் ஒரு வியாதி வந்திருந்தது. நீளமான நேர் தடத்தில் முழு மிதி மிதித்தால், கடைசியில், டர்போ மூச்சைப் பிடித்துக் காற்றைத் தள்ளுகிற நேரத்தில், இருமியது.

இருமினால் பந்தயம் போச்சு. இருமலுக்கு உள்ளே வேறு எதுவும் ஒளிந்திருந்தால் இன்ஜினே போச்சு.

சென்னியப்பன் குருவிடம் போனார்.

“அம்மணி, டர்போ வண்டிக்கு எந்தப் பிளக்கை நம்பலாமுங்க?”

“இருக்கறதக் கழட்டிக் கொண்டாங்கண்ணா, பாக்கலாம்.”

அழுக்குச் சாமானை அப்படியே நீட்டுவது லாரிப் பட்டறையில் மரியாதை இல்லை. கழற்றியதை டீசலில் கழுவித் துடைத்துத்தான் மேஸ்திரி கையில் கொடுக்கவேண்டும். சென்னியப்பன் நாலு பிளக்கையும் பெட்ரோலில் ஊறவைத்தார். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். ஒரு வெள்ளைத் துணியை விரித்து வரிசையாக அடுக்கி, சீர்த்தட்டு ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார்.

கோகிலவாணி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டார்.

“ஒரு ராசா இருந்தாருங்கண்ணா,” என்றார்.

சென்னியப்பன் பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்தார்.

எல்லையில் சண்டை. நிலவரம் தெரிய ராசா ஒரு வேவுகாரனை அனுப்பினார். போனவன் ரத்தமும் புழுதியுமாகத் திரும்பி வந்தான். வாசலில் இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கோலத்திலா ராசா முகத்தில் முழிப்பது? கூட்டிப்போய் வெந்நீர் வார்த்தார்கள். காயத்தை மூடிச் சந்தனம் பூசினார்கள். பட்டு உடுத்தி, வயிறாரச் சோறு போட்டு, சபைக்கு அனுப்பினார்கள். ராசா அவன் முகத்தைப் பார்த்தார். களை சொட்டியது.

“அப்பறமுங்க?”

“சண்டை நல்லாத்தான் நடக்குதாட்ட இருக்குதுன்னு ராசா தூங்கப் போயிட்டாருங்க.”

சென்னியப்பன் வெள்ளைத் துணியைப் பார்த்தார். காது மடல் சூடாகிவிட்டது. துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

அதன் பிறகு அவர் பிளக்கைக் கழுவவில்லை. கழற்றிய கோலத்திலேயே பார்க்கப் பழகினார். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கிற பீங்கான் மூக்கு பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சுகம். கரி அப்பியிருந்தால் சூடு போதவில்லை. வெளுத்துப் போயிருந்தால் சூடு மிஞ்சுகிறது. குரு பழைய பிளக்குகளை ஒரு டப்பாவிலிருந்து எடுத்து நீட்டுவார். சீடர் நோய் சொல்வார். தப்பாகச் சொன்னால் குரு அடுத்ததை நீட்டுவார். அவ்வளவுதான் பாடம்.

பந்தய நாள் வந்தது. காலையில் ஒத்திகை ஓட்டம், மதியம் பந்தயம். ஒத்திகையிலும் வண்டி இருமியது. இந்துஜா மெதுவாக ஒரு சுற்று வந்து கொட்டகையில் நிறுத்தினாள். சென்னியப்பன் பிளக்கைக் கழற்றினார். நாலும் நல்ல பிஸ்கட் நிறம். காய்ச்சல்காரன் உடம்பில் சூடே இல்லை.

பக்கத்துக் கொட்டகையில் சபாபதி இருந்தார். நாலு பந்தய வண்டி வைத்திருப்பவர், வாயும் நாலு பேருக்கு ஆகும். இரிடியம் முனை வைத்த பிளக்தான் உலகத்திலேயே உசத்தி, தன் மஞ்சள் வண்டியில் அதுதான் இருக்கிறது, லாரிக்காரருக்கு இதெல்லாம் யார் சொல்வது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சென்னியப்பனுக்கு ரோஷம். அவர் சொன்ன பிளக்கையே வாங்கி, பொறி தாவுகிற இடைவெளியைப் பெட்டியில் வந்தபடியே விட்டு மாட்டினார். வண்டி அதே இடத்தில், அதே மாதிரி இருமியது. கழற்றினால் அதே பிஸ்கட் நிறம்.

குரு கொட்டகை ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அம்மணி, பிளக்கெல்லாம் சுகமா இருக்குது. வண்டி மட்டும் இருமுதுங்க.”

“எங்க இருமுது?”

“நேர் தடத்துக் கடைசிலீங்க.”

“நீங்க பிளக்க எங்க கழட்டுனீங்க?”

“இங்கதானுங்க. நெழல்ல.”

குரு மிச்ச டீயைக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்துவிட்டு லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சென்னியப்பன் கொட்டகை வாசலில் நின்றார். தடம் தூரத்தில் வளைந்து வளைந்து வந்தது. இருமுகிற இடம் அந்தக் கோடியில். அங்கிருந்து இந்துஜா ஆறப்போட்டு, அன்னநடை நடந்து, இங்கே வருகிறாள். வருகிற வழியெல்லாம் பிளக்குக்கு இளஞ்சூடு. கறை எல்லாம் போய், நிறம் மாறி, நல்ல பிள்ளையாக வந்து சேர்கிறது. தான் கழுவவில்லை, சரி. வேவுகாரன் வழியிலேயே ஆற்றில் முங்கி எழுந்துதான் வந்திருக்கிறான்.

அவர் மகளிடம் ஓடினார்.

“கண்ணு, நேர் தடத்துல முழு மிதி மிதி. இருமறப்பவே சுவிட்ச அணைச்சிரு. கிளட்ச அமுக்கி, உருட்டி ஓரங்கட்டு. மறுபடி ஸ்டார்ட் பண்ணாத.”

“நடுவழில வண்டி செத்துப் போச்சுன்னு சிரிப்பாங்கப்பா.”

“சிரிக்கட்டும்.”

சிரித்தார்கள். வண்டி தடத்தின் கோடியில் மூச்சடங்கி நின்றதும், அடுத்த கொட்டகைப் பையன்கள் வேலியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். சென்னியப்பனும் இரண்டு ஆட்களும் வேகாத வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மாடு வேணுமா, பூட்டி அனுப்பட்டுமா என்று சபாபதி விசாரித்தார். சென்னியப்பன் மூச்சு வாங்கியபடி, மாட்டை நீங்களே வெச்சுக்குங்க, மதியத்துக்கு உங்களுக்குத்தான் வேணும் என்றார்.

கொட்டகைக்குள் வந்ததும் முதல் பிளக்கைக் கழற்றினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

பீங்கான் மூக்கு எலும்பு மாதிரி வெளுத்திருந்தது. அதன்மேல் மிளகுத்தூள் தூவினது போலப் பொடிப் பொடியாக ஏதோ. திருப்பினால் அந்தப் பொடி மினுங்கியது. அது அழுக்கு இல்லை. அலுமினியம். இன்ஜினுக்குள் பிஸ்டன் கரையத் தொடங்கி, அதன் உடம்பிலிருந்து தெறித்த துளி.

சென்னியப்பன் தடத்தின் கோடியைத் திரும்பிப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் மகளுக்குப் பின்னால் புகைதான் வந்திருக்கும்.

குரு வந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததும் புருவம் உயர்ந்தது.

“பூஸ்டக் கொறச்சுடட்டுங்களா? டர்போ காத்தக் கம்மியாத் திணிச்சா இருமாது. இன்ஜினும் பொழச்சுக்கும்.”

“ஜெயிக்குமுங்களா?”

“ஜெயிக்காது.”

சென்னியப்பன் பிளக்கை விரலுக்கு நடுவே உருட்டிக்கொண்டே யோசித்தார். சூடு மிஞ்சுகிறது, அப்படியானால் வாங்கின சூட்டைச் சீக்கிரம் இறக்கிவிடுகிற பிளக் வேண்டும். திணிக்கிற காற்று பொறியை ஊதி அணைக்கிறது, அதுதான் இருமல். அப்படியானால் பொறி தாவுகிற இடைவெளி சிறுக்கவேண்டும். அவர் இழுப்பறையைத் திறந்தார். இரிடியம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, அடியில் கிடந்த சாதாரண நிக்கல் முனைப் பிளக்கில், ஒரு படி குளிர்ந்த ரகத்தை எடுத்தார். தகட்டு அளவுகோலை நுழைத்து, மெல்லத் தட்டித் தட்டி, ஒவ்வொன்றின் இடைவெளியையும் ஒடுக்கினார்.

“பூஸ்ட் இருக்கட்டுமுங்க,” என்றார். பிறகு மனசு கேட்காமல், “சரிதானுங்களா அம்மணி?”

“பாத்தது உங்க கண்ணு. நான் எதுக்குங்கண்ணா நடுவால?”

மதியம் வண்டிகள் வரிசையில் நின்றன. குளிர்ந்த பிளக்குக்கு ஒரு குணம் உண்டு. சும்மா நின்றால் கரி சேர்ந்து முணுமுணுக்கும். இந்துஜாவின் வண்டி திணறித் திணறிப் புகை கக்கியது. மலிவுச் சரக்கு இப்படித்தான் என்று சபாபதி தன் ஆட்களிடம் சொன்னது, சென்னியப்பன் காதுக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது. நிற்கிற நேரமெல்லாம் விடாமல் மிதித்துக்கொண்டே இரு என்று மகளிடம் சொல்லியிருந்தார். அவள் மிதித்தாள். ஆனாலும் கொடி விழுந்தபோது வண்டி ஒரு நொடி தயங்கியது. ஐந்தாறு வண்டிகள் அவளைத் தாண்டிப் போய்விட்டன.

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். லாரிக்காரர்களுக்குக் கண்ணைவிடக் காது நீளம். வளைவுகளில் அவள் வண்டியின் குரலைத் தனியாகப் பிரித்தெடுத்தார். நேர் தடத்துக்கு வந்தது. குரல் ஏறியது. டர்போ விசிலடித்தது. இன்னும் ஏறியது. அந்த இடம் வந்தது. அவர் மூச்சைப் பிடித்தார்.

குரல் உடையவில்லை. அந்த இடத்தைத் தாண்டி, அவர் இதுவரை கேட்டிராத ஒரு உச்சிக்குப் போய், அங்கேயே நின்று பாடியது.

கண்ணைத் திறந்தார். இந்துஜா இரண்டு வண்டிகளைத் தாண்டியிருந்தாள்.

ஒவ்வொரு சுற்றிலும் அந்த நேர் தடம் அவளுக்கு ஒரு வண்டியைக் கொடுத்தது. கடைசிச் சுற்றில் மிச்சம் இருந்தது சபாபதியின் மஞ்சள் வண்டி ஒன்றுதான். வளைவில் அது வழி விடவில்லை. நேர் தடத்தில் வழி கேட்கவேண்டிய அவசியமே அவளுக்கு இருக்கவில்லை. காலையில் வண்டி செத்து நின்ற அதே கோடியில், பக்கவாட்டில் வந்து, ஒரு மூக்கு, அரை உடம்பு, முழு உடம்பு என்று தாண்டினாள். கோட்டைக் கடந்தபோது பின்னால் வந்த மஞ்சள் வண்டிக்கு அவள் கிளப்பிய புழுதிதான் கிடைத்தது.

வேலியில் உட்கார்ந்திருந்த பையன்கள் குதித்து ஓடிவந்து சென்னியப்பனைத் தோளில் தூக்கினார்கள். மூக்குக் கண்ணாடி எங்கேயோ விழுந்தது. சென்னை அணிக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து இந்துஜாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, திங்கட்கிழமை பேசலாம் என்றார். அவள் தலைக்கவசத்தைக் கழற்றி, முகமெல்லாம் வேர்வையும் சிரிப்புமாக, பெரியப்பாவுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிருங்கப்பா என்றாள்.

கூட்டம் அடங்கியபோது சபாபதி வந்தார். இந்த முறை ஒரே ஒரு வாய்க்கான சத்தம்தான் அவரிடம் இருந்தது. பொண்ணு பிரமாதமாக ஓட்டினாள் என்றார். காலையில் பேசினதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அப்புறம் கிட்டே வந்து, குரலைத் தணித்து, வண்டியில் போட்ட அந்தப் பிளக் என்ன பேர், என்ன எண் என்று கேட்டார்.

சென்னியப்பனுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தொழில் ரகசியம் ஆயிற்றே என்று நிறுத்திக்கொண்டு, குருவைத் திரும்பிப் பார்த்தார்.

கோகிலவாணி கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“தாராளமாச் சொல்லுங்கண்ணா. அவுரு நம்ம வண்டிக்கு என்னன்னுதான கேக்கறாரு. அவுரு வண்டிக்கு என்னன்னு கேக்கலீங்களே.”