தரையில் படக்கூடாத மூட்டை

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் சபை ரூபி அக்கா. ஆறு வருஷத்துக்கு முன்னால், பிரதிஷ்டைப் பண்டிகை அசன விருந்துக்காகக் கோயில் கொட்டகையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னார்கள். அக்கா சொன்னபடியே சொல்லப் பார்க்கிறேன்.

*

"அம்மா, என்னை அநியாயக்காரன்னு சொல்லுதாங்க."

செருப்பைக் கழற்றும் முன்பே சிவனணைந்தான் இதைச் சொல்லிவிட்டார்.

கடலோரத்து ஊர் ஒன்றின் தீயணைப்பு நிலையத்துக்கு அவர்தான் அதிகாரி. முப்பது வருஷ சர்வீஸ். இரண்டு முழங்கையிலும் தீக்காயத் தழும்பு. யாருக்கும் பயப்படாத மனுஷன், மனசு கனத்தால் மட்டும் ஊருக்கு வெளியே இருக்கும் கஞ்சி மடத்துக்கு வருவார்.

மடத்தை நடத்துகிற ஞானப்பூ அம்மாள் அவரைவிடப் பத்து வயசு இளையவர். அவர் இவரை அண்ணாச்சி என்பார். இவர் அவரை அம்மா என்பார். இரண்டு பேரும் அதை மாற்றிக்கொள்ளவே இல்லை.

"யாரு சொல்லுதா அண்ணாச்சி?"

"பாதி ஊரு."

"மீதி ஊரு?"

"விட்டுக்குடுத்துராதீங்கன்னு சொல்லுது. அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு."

அம்மாள் கஞ்சியை ஊற்றி அவர் முன்னால் வைத்தார். அவர் தொடவில்லை.

"படையில சேரணும்னா அறுபது கிலோ மூட்டையைத் தோள்ல தூக்கி நாப்பது எட்டு நடக்கணும். மூட்டை தரையில படக்கூடாது. ஏழைக்கும் அதே மூட்டை, பணக்காரனுக்கும் அதே மூட்டை. என் சொந்த மச்சினனுக்கும் அதே மூட்டைதான், அவன் தோத்துட்டு இன்னைக்கு வரைக்கும் எங்கூடப் பேசல. இதுல அநியாயம் எங்கம்மா இருக்கு?"

"இப்போ யாரு தோத்தது?"

"மாரிக்கனின்னு ஒரு பொண்ணு. உப்பளத்துல வேலை பாக்கா. ரெண்டு தடவை வந்தா. ரெண்டு தடவையும் இருபத்திரண்டாவது எட்டுல மூட்டை சரிஞ்சு விழுந்துட்டு. மூணு தடவைதான் கணக்கு. வர்ற சனிக்கிழமை விழுந்துச்சுன்னா, அவ ஆயுசுக்கும் இந்தப் படையில சேர முடியாது."

"எடையைக் குறைக்கச் சொல்லுதாளா?"

"அவ ஒண்ணும் கேக்கல. அவளுக்காகப் பேசுத ஆளுங்க கேக்காங்க, பொம்பளைக்கு நாப்பது கிலோ போதும்னு. எதிர்ப்பக்கத்து ஆளுங்க என்ன சொல்லுதாங்க தெரியுமா? என் வீடு எரிஞ்சா என்னில நாப்பது கிலோதான் வெளிய வருமா, மிச்சம் உள்ளயே கிடக்குமான்னு."

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்கம்மா. குறைச்சா, யாரோ ஒருத்தரோட உசுரு. குறைக்கலேன்னா, அந்தப் பொண்ணோட வாழ்வு. எது நியாயம்? அதை மட்டும் சொல்லுங்க."

அம்மாள் எழுந்தார்.

போய், அடுப்பில் ஈரத் தென்னமட்டை நாலைச் சொருகினார். ஜன்னலைச் சாத்தினார். புகை குபுகுபுவென்று கிளம்பிக் கூரையை நிறைத்துக் கீழே இறங்கத் தொடங்கியது.

அப்புறம் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் நீட்டிப் படுத்துக்கொண்டார்.

"அம்மா! என்ன பண்ணுதீங்க?"

"மயங்கிக் கிடக்கேன்."

"அம்மா..."

"மயங்கிக் கிடக்கவ இதுக்கு மேல பேச மாட்டா. தூக்குங்க. உங்க மைதானத்துல தூக்குத மாதிரி."

ஞானப்பூ அம்மாள் பூஞ்சை உடம்புக்காரர் இல்லை. சிவனணைந்தான் மூச்சை அடக்கி, அவரைத் தோளில் போட்டு நிமிர்ந்தார்.

நிமிர்ந்ததும் தலை நேரே புகைக்குள் போனது.

கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. குத்துமதிப்பாக நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டில் நிலைப்படியின் மேல்கட்டை நெற்றியில் ணங்கென்று இடித்தது.

அவ்வளவுதான். முழங்கால் தானாக மடங்கியது. முப்பது வருஷப் பழக்கம் உடம்பை வாங்கிக்கொண்டது. அம்மாளைத் தரையில் இறக்கி, தலையைத் தாழ்த்தி, அக்குளுக்குள் இரண்டு கையையும் கொடுத்து, பின்பக்கமாகவே ஊர்ந்து ஊர்ந்து இழுத்து, முற்றத்துக்குக் கொண்டுவந்து போட்டார்.

இரண்டு பேரும் இருமினார்கள். அம்மாளின் சேலையெல்லாம் சாம்பல்.

கஞ்சிக்குத் தூக்குவாளியோடு வந்த ஒரு பெண் பதறிப்போனாள். "என்னம்மா, தீப்பிடிச்சிட்டா?"

"இல்லம்மா. அண்ணாச்சிக்குப் பரீட்சை."

அவள் போன பிறகு அம்மாள் கேட்டார்.

"முதல்ல எப்படித் தூக்குனீங்க?"

"தோள்ல."

"எப்படிக் காப்பாத்துனீங்க?"

"இழுத்துத்தான்."

"இத்தனை வருஷத்துல எத்தனை பேரை வெளிய கொண்டாந்திருப்பீங்க?"

"இருக்கும், ஒரு பதினஞ்சு பேரு."

"அதுல தோள்ல போட்டு நிமிந்து நடந்தது?"

சிவனணைந்தான் யோசித்தார். ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தார். நெற்றியில் வீக்கம் புளியங்கொட்டை அளவுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"ஒருத்தர். அது வெள்ளத்துல."

"தீயில?"

"ஒருத்தரும் இல்ல."

"அப்போ மைதானத்துல மூட்டை ஏன் தரையில படக்கூடாது?"

"அது விதிம்மா."

"யாரு போட்ட விதி?"

"ஆரம்பத்துல இருந்தே இருக்கு."

"ஆரம்பத்துல யாரு இருந்தா?"

சிவனணைந்தான் நெற்றி வீக்கத்தைத் தடவினார்.

அம்மாள் சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். "போய்க் கேட்டுட்டு வாங்க. நான் சாம்பலைக் கழுவணும்."

*

அவர் கேட்டுக்கொண்டே போனார்.

நிலையத்துப் பழைய நோட்டில் அந்த விதி இருந்தது. 'மூட்டை எக்காரணம் கொண்டும் தரையில் படக்கூடாது.' கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு. காரணம் மட்டும் எழுதியிருக்கவில்லை.

ஓய்வு பெற்ற அதிகாரி, எனக்கு முந்தினவர் சொன்னார் என்றார். முந்தினவரின் மகன், எங்க அப்பா அதுல ரொம்பக் கண்டிப்பு என்று பெருமைப்பட்டான். மூட்டை எங்கே இருந்து வந்தது என்று கேட்டதற்கு மட்டும் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள். பெரிய கடைத்தெரு அரிசி மண்டி.

மண்டிக்காரர் கோமதிநாயகம் கேட்டதும் சிரித்தார்.

"அந்த மூட்டையா! உங்க நிலையம் தொடங்கின வருஷம் ஆளுங்க வந்து, பரீட்சை வைக்கணும், ஒரு மூட்டை இரவல் தாங்கன்னு கேட்டாங்களாம். எங்கப்பா, தாராளமா கொண்டு போங்க, ஆனா தரையில போட்டு இழுத்துராதீங்க, சாக்கு கிழிஞ்சா அரிசி மண்ணாயிரும்னு சொல்லி விட்டாராம். சொன்ன சொல் மாறாம, ஒரு மணி சிந்தாமத் திருப்பித் தந்தாங்களாம். அப்பா சாகுத வரைக்கும் உங்க ஆளுங்களைப் புகழ்வாரு."

"இப்போ நாங்க மணல் மூட்டைல்லா வைக்கோம்."

"மணல் மண்ணாயிருமாக்கும்?" என்று கேட்டுவிட்டு கோமதிநாயகம் மறுபடி சிரித்தார்.

சிவனணைந்தான் சிரிக்கவில்லை. ஐம்பது வருஷமாக மைதானத்தில் இருந்து தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பிப் போனவர்கள் எல்லோரும் கடைத்தெருவில் வரிசையாக நடந்து போவதுபோல இருந்தது அவருக்கு. அதில் மச்சினனும் இருந்தான்.

*

"அம்மா, சாக்கு கிழியாம பாத்துக்கிடத்தான் இத்தனை நாளும் ஆள் எடுத்திருக்கேன்."

அம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"எடை?"

"அறுபதுதான். ஒரு கிலோ குறைக்க மாட்டேன்."

"தூரம்?"

"அதுவும் அதேதான்."

"பிறகு ஏன் இங்க நின்னுக்கிட்டு இருக்கீங்க? சனிக்கிழமைக்கு நாலு நாள்தானே இருக்கு."

அவர் மேலிடத்துக்கு எழுதினார். எழுதியது போதாதென்று நேரிலும் போய் நின்றார். "பரீட்சையை லேசாக்குதீரா, கடுமையாக்குதீரா?" என்று கேட்டார்கள்.

"வந்து பாருங்க" என்றார்.

*

சனிக்கிழமை காலையில் ஊரே உப்புக் கிட்டங்கி முன்னால் கூடிவிட்டது. காலியாகக் கிடந்த பழைய கிடங்கு அது. உள்ளே ஈர வைக்கோலைப் புகைய விட்டிருந்தார்கள். இரண்டு வாசல். ஒரு வாசலுக்கு ஒருவராக, இரண்டிரண்டு பேர் உள்ளே போக வேண்டும். நாற்பது எட்டுத் தூரத்தில் மூட்டை கிடக்கும். தேடிப் பிடித்து, போன வாசல் வழியே வெளியே கொண்டுவர வேண்டும்.

"எப்படிக் கொண்டு வரணும்யா?" என்று ஒருவன் கேட்டான்.

"உசுரோட" என்றார் சிவனணைந்தான்.

"இழுக்கலாமாம்ல! அப்போ இன்னைக்கு எல்லாரும் பாஸ்தான்" என்று கூட்டத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது.

முதலில் போன ஆறு பேரில் ஐந்து பேர் மூட்டை இல்லாமல் இருமிக்கொண்டு வெளியே வந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஞானப்பூ அம்மாள் ஒரு பானை மோரோடு ஓரமாக உட்கார்ந்து, தோற்று வந்தவர்களுக்கு ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்து மாரிக்கனி. இன்னொரு வாசலில் வெள்ளைப்பாண்டி. ஆளும் தோளும் பார்த்தால் தேர்மாதிரி இருப்பான். மைதானத்தில் பழகும்போது மூட்டையோடு சீட்டி அடித்துக்கொண்டே நடப்பான்.

"தங்கச்சி, உள்ள இருக்கது உப்பு இல்ல, மணலு. பாத்து!"

ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டே மாரிக்கனி சொன்னாள். "எதுவா இருந்தா என்னண்ணே, கனம் ஒண்ணுதான்."

விசில் ஊதினார்கள். இரண்டு பேரும் புகைக்குள் மறைந்தார்கள்.

சிவனணைந்தான் வாசலில் காதை வைத்துக்கொண்டு நின்றார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வலது பக்கம் ஒரு பெரிய முக்கல். வெள்ளைப்பாண்டி மூட்டையைத் தோளில் ஏற்றிவிட்டான். நாலு எட்டுச் சத்தம். பொத்தென்று சுவரில் மோதும் சத்தம். இருமல்.

இடது பக்கம் வேறு சத்தம் கேட்டது. சர்ர்... நின்றது. சர்ர்... நின்றது.

உப்பளத்துப் பெண்கள் மதில்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி துள்ளி எழுந்தாள். "ஏளா! நம்ம வாருபலகை இழுக்க மாதிரில்லா கேக்கு!"

பாத்தியில் உப்பை வாரி இழுக்கிற சத்தம். பத்து வருஷமாக அவள் விடிந்ததில் இருந்து செய்கிற வேலை.

முதலில் இரண்டு குதிகால் வெளியே வந்தது. அப்புறம் குனிந்த முதுகு. அப்புறம் மூட்டையின் இரண்டு காதையும் பிடித்த கை. கடைசியில் அறுபது கிலோவும் வாசற்படியைத் தாண்டி வந்து விழுந்தது.

அன்றைக்கு வந்ததிலேயே அதுதான் வேகம்.

மதில்மேல் குலவைச் சத்தம் வானத்தைப் பிளந்தது. "ஏ மாரீ! ஏ என் ராசாத்தீ!"

மாரிக்கனி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த வாசலைப் பார்த்தாள். வெள்ளைப்பாண்டி வரவில்லை.

ஓடிப்போய் அந்த வாசலில் குப்புற விழுந்து, தரையோடு முகத்தை வைத்துக் கத்தினாள்.

"அண்ணே! தலையை இறக்குங்க! மூட்டையைக் கீழ போடுங்க! தரையில நல்ல காத்து இருக்கு, படுத்து வாங்க! என் சத்தத்தைப் பிடிச்சு வாங்க!"

கதவுப் பலகையைக் கையால் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளைப்பாண்டி தவழ்ந்து வந்தான். பின்னால் மூட்டையும் வந்தது. மல்லாந்து விழுந்து காற்றைக் குடித்தான்.

"சுவத்தை வாசல்னு நினைச்சு முட்டிக்கிட்டே இருந்தேன் தங்கச்சி" என்றான். கண்ணில் தண்ணீர். புகையா வேறா என்று தெரியவில்லை.

கூட்டம் இன்னும் கைதட்டி முடிக்கவில்லை. எழுத்தர் தாளோடு வந்து அதிகாரியின் பக்கத்தில் நின்றார்.

"ஐயா, ஒரு சிக்கல். பரீட்சை நடக்கும்போது ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்லிக் குடுத்தா ரெண்டு பேரையும் நீக்கணும்னு இருக்கு."

அது மாரிக்கனியின் காதில் விழுந்துவிட்டது. எழுந்து நின்றாள். முகமெல்லாம் கரி, கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. இதுதான் அவளுக்கு மூன்றாவது தடவை.

"நான்தான்யா கத்துனேன். அவரு கேக்கல. அவரை நீக்கிராதீங்க."

மேலிடத்தில் இருந்து வந்தவர்கள் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

சிவனணைந்தான் ஞானப்பூ அம்மாளைத் தேடினார். அம்மாள் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பானையைச் சரித்துக் கடைசி மோரை வழித்துக்கொண்டிருந்தார்.

அவர் எழுத்தரின் கையில் இருந்த தாளைப் பார்த்தார். தரையில் கிடந்த வெள்ளைப்பாண்டியைப் பார்த்தார். கதவை அடித்து அடித்துச் சிவந்திருந்த அந்தக் கையைப் பார்த்தார்.

"எழுதிக்கிடுங்க" என்றார்.

எழுத்தர் பேனாவைத் திறந்தார். "நீக்கம்னு எழுதவாய்யா?"

"ரெண்டு பேருக்கும் பூட்ஸ் வேணும். அந்தப் பிள்ளைகிட்ட கால் அளவு கேட்டு எழுதுங்க. நம்மகிட்ட இருக்க பூட்ஸ் எல்லாம் எட்டாம் நம்பருக்கு மேல."

*

கதை இவ்வளவுதான். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனி ரோட்டில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தால், கொஞ்சம் ஓரமாக ஒதுங்கி வழிவிடுங்கள்.