அன்னம் யாருடையது?

உடன்பிறந்தவர்களோடு சண்டை போட்டுவிட்டு வந்திருப்பவர்களே, கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். இது உங்களுக்கான கதை.

கப்பல்கள் காற்றை நம்பி ஓடிய காலத்தில், பவளத்துறை என்ற பட்டினத்தில் பூதன் என்றொரு ஆடை வணிகன் இருந்தான். மனைவியோடு சேர்ந்து ஒற்றைத் தறியில் தொழிலைத் தொடங்கினான். அவன் வீட்டுப் பட்டு மேலாடை தோளில் கிடப்பதே தெரியாது, அத்தனை மென்மை.

ஒவ்வோர் ஆடையையும் பூதன் வெயிலில் விரித்துப் பார்ப்பான். ஓர் இழை பிசகினாலும் ஒதுக்கிவிடுவான். தேறியதன் ஓரத்தில் மட்டும் பொன்னிழையால் ஓர் அன்னம் பின்னப்படும். நாளடைவில் அந்த அன்னத்துக்காக அரசிகள் காத்திருந்தார்கள். கடல் கடந்த நாட்டு அரசிகளும் காத்திருந்தார்கள். தறிகள் பெருகின, தெருவுக்கே அன்ன வீதி என்று பெயர் வந்தது.

பூதனுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் ஆதன், அடுத்தவள் நன்னாகை, இளையவன் கீரன். "வீடும் தறிகளும் அன்னமும் மூவருக்கும் பொது" என்று சொல்லிவிட்டு அவன் கண்ணை மூடினான். நன்னாகைக்கு அன்று பிடித்தது தலைவலி.

முதலில் ஆதன் வந்தான். "நாகை, இனிக் குடையிலும் நம் அன்னம் இருக்கும்."

"நமக்குக் குடை செய்யத் தெரியாதே, அண்ணா?"

"எவனோ செய்துவிட்டுப் போகிறான். அன்னத்தை மட்டும் நாம் கொடுத்தால் போதும்."

முதல் மழையிலேயே குடைகள் ஒழுகின.

பிறகு கீரன் வந்தான். "அண்ணன் குடை விற்கலாம், நான் செருப்பு விற்கக் கூடாதா?"

"அப்பா கண்ணில் ஒற்றிக்கொண்ட அன்னத்தைக் காலில் போட்டு மிதிக்கச் சொல்கிறாயா?"

"போ அக்கா, உனக்கு உலகம் தெரியாது."

தெருமுனை தாண்டுமுன் செருப்பு வார்கள் அறுந்தன.

அதற்குப் பிறகு அண்ணனுக்கும் தம்பிக்கும் போட்டி. ஆதனின் அன்னம் வலப்பக்கம் பார்த்தது. கீரனின் அன்னம் இடப்பக்கம் பார்த்தது. "என்னுடையதுதான் உண்மையான அன்னம்" என்று இருவரும் கேட்டவர்களுக்கெல்லாம் அதை வாரிக் கொடுத்தார்கள். எண்ணெய்ச் சாடியில் அன்னம். துடைப்பத்தில் அன்னம். வண்டிமாட்டின் முதுகுத் துணியிலும் அன்னம்!

நன்னாகை இதமாகச் சொன்னாள். உரக்கச் சொன்னாள். கடைசியில் தலையில் அடித்துக்கொண்டாள். "சுவரோடு பேசினால் சுவராவது எதிரொலிக்கும்" என்று பொருமியபடி தறிக்கூடத்துக்குள் போய்விட்டாள்.

அந்த ஆண்டு அந்நாட்டு இளவரசி வேண்மாளுக்குத் திருமணம். மணமகளின் மேலாடையை நன்னாகையே பக்கத்தில் இருந்து நெய்வித்து அனுப்பினாள். இளவரசி அதை அணிந்து தேரில் ஊர்வலம் வந்தாள். ஒரு திருப்பத்தில் மாட்டுவண்டி ஒன்று வழிவிட்டு ஒதுங்கி நின்றது. மாட்டின் முதுகிலும் அதே அன்னம். கூட்டத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அவ்வளவுதான், தெருவே சிரித்தது. இளவரசி கண் கலங்கித் தேரைத் திருப்பச் சொன்னாள்.

மறுநாள் மூவரையும் அரசன் அழைத்தான்.

"அரசிகள் அணிந்து மகிழ்ந்த அன்னம் யாருடையது?"

"என்னுடையது!" என்றார்கள் ஆதனும் கீரனும்.

"கடல் கடந்து புகழ் பெற்ற அன்னம் யாருடையது?"

"என்னுடையது!"

"மணக்கோலத்தில் என் மகளைத் தலைகுனிய வைத்த அன்னம் யாருடையது? அவர் இன்றே நாட்டை விட்டுப் போக வேண்டும். யாரும் உரிமை சொல்லாவிட்டால் உங்கள் தறிகள் அத்தனையும் எரியும்."

ஆதன் மெல்ல வாய் திறந்தான். "அரசே, அந்த அன்னம் இடப்பக்கம் பார்த்ததாம். அப்படியென்றால் அது தம்பியுடையது."

"இல்லை அரசே, வலப்பக்கம்தான் பார்த்தது. அண்ணனுடையது!"

மாடு எந்தப் பக்கம் திரும்பி நின்றது என்பதில் வாதம் வளர்ந்தது. நன்னாகை இருவரையும் பார்த்தாள். தறிகளை நம்பி அடுப்பெரியும் வீடுகளை நினைத்தாள். இத்தனை நாள் அடக்கிய எரிச்சல் பொங்கிவிட்டது.

"போதும், நிறுத்துங்கள்! அரசே, அது என்னுடையது. நான் போகிறேன். தறிகளை விட்டுவிடுங்கள்."

இளவரசி வேண்மாள் எழுந்தாள். "உன்னுடையதா? பிறகு ஏன் அதை மாட்டின் மேல் ஏற்றினாய்?"

"நானா ஏற்றினேன், அம்மா? சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. கேட்க ஆள் இல்லை. ஆனாலும் அது என் வீட்டு அன்னம். நீங்கள் பட்ட தலைகுனிவு என் வீடு செய்த தவறு. அதை வேறு யார் தலையில் கட்டுவது?"

இளவரசியின் கோபம் தணிந்தது. "அப்பா, இவளை அனுப்பிவிட்டால் ஊரிலுள்ள மாடுகளின் முதுகிலிருந்து அன்னத்தை யார் எடுப்பது?" என்று கேட்டாள்.

அரசன் சிரித்துவிட்டான். "பெண்ணே, நீ எங்கும் போக வேண்டாம். உன்னுடையது என்று சொன்னாய். அன்னம் இனி உனக்கே. இவர்கள் தங்களுடையது அல்ல என்று சபையறியச் சொன்னார்கள். இனி அதைத் தொடக் கூடாது. ஊரெங்கும் இறைத்த அன்னத்தை மட்டும் இவர்களே பிரித்துக் கொண்டுவரட்டும்."

அண்ணனும் தம்பியும் வீடு வீடாகப் போனார்கள். சிலர் ஏசினார்கள், சிலர் பேரம் பேசினார்கள், ஒரு மாடு கீரனை முட்டியே விட்டது. வேலை முடிந்து வந்தவர்களை நன்னாகை விரட்டவில்லை. ஆளுக்கொரு தறியைக் காட்டி உட்காரச் சொன்னாள். அவர்கள் நெய்த முதல் ஆடைகளை வெயிலில் விரித்துப் பார்த்தாள். இரண்டையும் ஒதுக்கிவிட்டாள்.

ஆகவே கேட்டவர்களே, புகழில் பங்கு கேட்பவர் பலர் இருந்தாலும், பழி வரும்போது தோள் கொடுப்பவரே குடும்பப் பெயருக்கு உரியவர்.