தொட்டி நிரப்பிய நவமணியார்

மலேசியாவின் ஈப்போ நகரில், இரும்புச் சாமான் கடை ஒன்றின் மாடியில், மார்மன் என்னும் கிறிஸ்தவச் சபையார் வாடகைக்கு எடுத்திருந்த கூடம் ஒன்று உண்டு. அந்தக் கூடத்தின் கழிவறையைத் தேய்த்துக் கழுவியவர், மாடிப்படியைக் கூட்டியவர், நாற்காலிகளைத் துடைத்து வரிசையாகப் போட்டவர் நவமணியார். யாரும் அவரை ஏவவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆறு வருடம் பிசிறு நூல் வெட்டிய கைகள் அவை. சும்மா இருக்க அவற்றுக்குத் தெரியாது.

இருபத்து நான்கு வயதில், சபையின் போதனையை வீடு வீடாகச் சொல்லும் ஒன்றரை வருட ஊழியத்துக்காக அவர் கடல் கடந்து வந்திருந்தார். தினமும் காலை ஆறரைக்கு எழுந்து, வெறும் சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டு ஜெபிப்பார். வேதம் வாசிப்பார். பிறகு இருந்த இரண்டு பாவாடைகளில் ஒன்றை உடுத்தி, பெயர் பொறித்த கறுப்பு வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு, துணை ஊழியப் பெண்ணோடு வீடு வீடாகப் போவார். ஊழியர் எங்கும் இரண்டு பேராகத்தான் போகவேண்டும் என்பது சபையின் ஒழுங்கு. ஒருவர் கண்பார்வையில் மற்றவர் இருக்கவேண்டும்.

இந்த வழிக்கு வந்ததற்காக அவருடைய அண்ணன் அவரை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. கம்பெனியில் கூட வேலை செய்தவர்கள் "அமெரிக்காச் சாமி" என்று பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். ஊழியத்துக்கு வந்த ஐந்தாம் மாதம் தாயார் இறந்துபோனார். ஊருக்குத் திரும்பலாம் என்று ஊழியத் தலைவர் அனுமதி கொடுத்தும் நவமணியார் போகவில்லை. மூன்று நாள் அழுதுவிட்டு, நான்காம் நாள் குடையை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினார். இவற்றில் எதுவும் அவரை அசைக்கவில்லை.

அசைத்தது வேறொன்று. புதிய துணையாக வந்து சேர்ந்த லார்சன் என்னும் அமெரிக்கப் பெண்.

லார்சனுக்கு வயது இருபது. கோதுமை நிறக் கூந்தல், சிரித்தால் கன்னம் முழுவதும் சிவந்துவிடும் முகம். பயிற்சிக் கூடத்தில் சில வாரங்கள் தமிழ் படித்திருந்தார். வாக்கியத்துக்கு நான்கு சொல் வரும். அதில் இரண்டு இடம் மாறியிருக்கும். ஆனால் அவர் வாயைத் திறந்து "வணக்கம், பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால் போதும், தெருவே கூடிவிடும்.

"அடேயப்பா! வெள்ளைக்காரப் புள்ள என்னமா தமிழ் பேசுது பாருங்க லா!"

கன்றுக்குட்டியைப் போலத் தடவிக் கொடுப்பார்கள். லார்சனுக்குக் கண்ணாடித் தம்ளரில் மைலோ பானம் வரும்; நவமணியாருக்குப் பிளாஸ்டிக் குவளையில் வரும். படம் எடுத்துக்கொள்ள எல்லோரும் லார்சன் பக்கத்தில் நெருங்கி நிற்பார்கள். கைப்பேசியை நவமணியார் கையில் கொடுப்பார்கள். "நீங்க நம்ம ஊரு ஆளுதானே, கொஞ்சம் எடுத்துக் குடுங்க." முக்கால் மணி நேரம் தேவனுடைய அன்பைப் பற்றித் தொண்டை வறளப் பேசியவர் நவமணியார், வாசல்வரை வந்து வழியனுப்பப்பட்டவர் லார்சன். ஒரு வீட்டில் கிழவர் ஒருவர், "இந்தப் பொண்ணு யாரு, துரைசாணிக்கு மொழிபெயர்க்க வந்ததா?" என்றே கேட்டுவிட்டார்.

லார்சன் கெட்டவராக இருந்திருந்தால் நவமணியாருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவரோ நல்லவர். பாத்திரம் கழுவிவைப்பார். தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுவார். அதனால் நவமணியாரின் நெஞ்சில் இருந்த நெருப்புக்கு வெளியே போக வழி இல்லை. உள்ளேயே எரிந்தது.

அந்த வாரம் திங்கட்கிழமை, துணி துவைக்கும் நாளில், ஊழியத் தலைவரிடமிருந்து எல்லா ஊழியர்களுக்கும் போகும் வாரக் கடிதம் வந்தது. அதில் ஒரு வரி இருந்தது: "ஈப்போவில் சகோதரி லார்சனின் உழைப்பால் கோமளா என்னும் சகோதரி சனிக்கிழமை ஞானஸ்நானம் பெறுகிறார்."

நவமணியார் அந்த வரியை நான்கு முறை வாசித்தார். கோமளா நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் கடை வைத்திருப்பவர். அவர் வீட்டுக் கதவை ஏழு முறை தட்டியவர் நவமணியார். ஆறு முறை திறக்கவே இல்லை. ஏழாம் முறை மழையில் நனைந்து நின்றவரைப் பார்த்து இரங்கி, "உள்ள வந்து தலைய தொவட்டுங்க" என்று சொன்னார் கோமளா. அப்போது லார்சன் ஈப்போவில் கால் வைத்திருக்கவே இல்லை.

"நல்ல கடிதம், இல்லையா?" என்று கேட்டார் லார்சன், ஈரத் துணியோடு.

"நல்ல கடிதமுங்க" என்றார் நவமணியார். பிழிந்த துணியை மறுபடி பிழிந்தார்.

செவ்வாய்க்கிழமை கோமளாவே அந்த நெருப்பில் எண்ணெய் வார்த்தார். "சனிக்கிழம எனக்காக லார்சன் பேசட்டும். நான் தண்ணியிலருந்து ஏறி வர்றப்போ துண்டோட அவங்கதான் நிக்கணும்" என்றார். பிறகு நவமணியார் பக்கம் திரும்பி, "நீங்க நாற்காலி எல்லாம் பாத்துக்குவீங்கதானே?" என்று அன்போடுதான் கேட்டார்.

புதன்கிழமை காலை நவமணியார் முழங்காலிட்டபோது ஜெபம் வரவில்லை. "ஆண்டவரே, நான் உமக்காகத்தான் வந்தேன், பேருக்காக வரவில்லை" என்று தொடங்கினார். அது பொய் என்று அவருக்கே தெரிந்ததால் பாதியில் நிறுத்திவிட்டார். தேவனிடம் பொய் சொல்ல அவருக்கு வராது. உண்மையைச் சொல்லவும் அன்று வாய் வரவில்லை. பேசாமல் பத்து நிமிடம் முழங்காலில் இருந்துவிட்டு எழுந்தார்.

வியாழக்கிழமை மாலை, கடைசிப் பாடத்துக்காக மூவரும் கோமளாவின் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பாடம் முடியும் தறுவாயில் கோமளா தட்டிலிருந்த முறுக்கை எடுத்து, தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஒண்ணு கேக்கணும். எனக்கு ஒரு பையன் பொறந்தான். மூணு மாசத்துல போயிட்டான். பதினோரு வருசம் ஆச்சு. நான் இப்போ தண்ணியில முங்கி அந்தப் பக்கம் போயிடுவேன். அவன் முங்கலையே? அவன் எங்க இருப்பான்?"

சபையின் போதனை இதில் தெளிவானது. சிறு பிள்ளைகளுக்குப் பாவம் இல்லை. அவர்களுக்கு ஞானஸ்நானமும் தேவையில்லை. அவர்கள் தேவனிடத்திலேயே இருக்கிறார்கள். நவமணியார் வாயெடுத்தார். ஆனால் கோமளா பார்த்தது லார்சனை.

லார்சனுக்குப் பதில் தெரியும். சொற்கள்தான் கைகொடுக்கவில்லை. முகம் மலரச் சிரித்து, கோமளாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "பயம் வேண்டாம் அக்கா. குழந்தை… தேவனுக்கு… தேவை இல்லை."

கோமளா கையை விடுவித்துக்கொண்டார். மெல்ல நவமணியாரைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியா?" என்று கேட்டார்.

ஒரு வாக்கியம் போதும். "இல்லீங்க்கா, அவங்க சொல்ல வந்தது வேற" என்றால் முடிந்தது. அந்த வாக்கியம் நவமணியாரின் நாக்கு நுனிவரை வந்தது. கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது: 'எல்லாரும் மெச்சுற தமிழாச்சே. பாக்கட்டும், அந்தத் தமிழோட இலட்சணத்த.' அவர் தலையைக் குனிந்து வேதப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினார்.

லார்சனின் தமிழைக் கோமளா சந்தேகித்திருப்பார். நவமணியாரின் மௌனத்தை அவர் சந்தேகிக்கவில்லை. முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு, "நேரமாச்சு. பாசாருக்குச் சாமான் வாங்கப் போகணும்" என்று எழுந்தார்.

வெள்ளிக்கிழமை காலை குறுஞ்செய்தி வந்தது. 'நாளைக்கு வேணாம். இனி வீட்டுக்கும் வர வேணாம்.' இருவரும் கடைக்கு ஓடினார்கள். கோமளா நிமிர்ந்தே பார்க்கவில்லை. வாழையிலையில் சோற்றை வைத்து மடித்தபடி, "வழிய விட்டு நில்லுங்க, ஆளுங்க வராங்க" என்று மட்டும் சொன்னார்.

லார்சன் சாலையோரத்தில் நின்று தேம்பி அழுதார். சபையின் கிளைத் தலைவர் தேவநேசன் விவரம் கேட்டு வந்தார். சபைப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். எல்லோரும் லார்சனைச் சுற்றி நின்று, தண்ணீர் கொடுத்து, தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்கள். நவமணியாரை யாரும் எதுவும் கேட்கவில்லை. தாமே கெடுத்த காரியத்துக்கு அழும் உரிமைகூட லார்சனுக்கே போனதே என்று அப்போதும் அவர் நெஞ்சு பொருமியது. அப்படிப் பொருமியதைத் தாமே கண்டுகொண்டார். கண்டதும் அவருக்கு உடல் கூசியது.

"ஞானஸ்நானத் தொட்டி நிரப்ப வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார் தேவநேசன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு இருவரும் அருகருகே முழங்காலிட்டார்கள். அன்று லார்சன் ஜெபிக்கும் முறை. தமக்குத் தெரிந்த தமிழில் அவர் ஜெபித்தார்: "பரலோகப் பிதாவே, நான் தப்பு செய்தேன். என்ன தப்பு, தெரியாது. கோமளா அக்காவைப் பாருங்கள். எனக்கு நவமணி கொடுத்தீர்கள். நன்றி. அவர் நல்லவர்."

அந்தக் கடைசிச் சொல்லை நவமணியாரால் தாங்க முடியவில்லை. முழங்காலில் இருந்தபடியே எல்லாவற்றையும் கொட்டினார். ஊர்த் தமிழில், அழுகையோடு, மூச்சுவிடாமல். லார்சன் திகைத்துப் பார்த்தார்.

"புரியவில்லை. மெதுவாக சொல்லுங்கள்."

ஆகவே நவமணியார் தம் குற்றத்தை மறுபடியும், குழந்தைக்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லவேண்டியதாயிற்று. "நீங்கள் 'ஞானஸ்நானம்' என்ற சொல்லை விட்டீர்கள். அக்கா தப்பாகப் புரிந்துகொண்டார். எனக்குத் தெரியும். நான் பேசவில்லை." லார்சன் "ஏன்?" என்று கேட்டார். அதற்கும் ஒரு சொல் இருந்தது. "பொறாமை." அது லார்சனுக்குத் தெரியாத சொல். அகராதியை எடுத்துத் தேடினார். நவமணியார் தரையைப் பார்த்தபடி காத்திருந்தார். பக்கங்கள் புரளும் ஓசை நின்றது. லார்சன் அந்தச் சொல்லை விரல் வைத்து வாசித்தார். பிறகு அகராதியை மூடிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவருகே போய் நின்றார்.

இருவரும் கோமளாவின் வீட்டுக்குப் போனார்கள். கோமளா கதவைப் பாதி திறந்தார்.

"அக்கா, வெறும் ரெண்டு நிமிசமுங்க" என்றார் நவமணியார். "உங்க பையன் தேவன்கிட்டத்தான் இருக்கானுங்க. சின்னக் கொழந்தைங்களுக்கு ஞானஸ்நானம் தேவையில்லைன்னுதான் இவங்க சொல்ல வந்தாங்க. பேச்சு பிசகிப் போச்சு. எனக்கு அப்பவே தெரியுமுங்க. நீங்க என்னையக் கேட்டப்பவும் நான் வாயத் தொறக்கலீங்க. உங்களுக்கு இவங்களத்தான் புடிக்குதுன்னு எனக்கு வயித்தெரிச்சலுங்க. தப்பு இவங்க வாயில இல்லீங்க, என் வாயில."

கோமளா கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ரெண்டு ராத்திரி" என்றார். "ரெண்டு ராத்திரி என் புள்ள யாருக்கும் வேணாதவனா கெடந்தான். உனக்குத் தெரிஞ்சிருந்தும் பேசாம இருந்தியா?"

"ஆமாங்க."

கதவு சாத்தப்பட்டது.

நவமணியார் நேரே தேவநேசனிடம் போய்க் கூடத்தின் சாவியைக் கேட்டார். "யாருக்கும்மா தண்ணி?" என்றார் அவர். "அவங்கதான் வரலைன்னுட்டாங்களே?"

"இன்னிக்கு மூணு மணின்னு ஆண்டவருக்குச் சொன்னமுங்க. அவருகிட்ட ஆரும் வேணாம்னு சொல்லலீங்களே. நான் நெரப்பி வெக்கறனுங்க."

கூடத்தின் பின்கட்டில் ஆள் இடுப்பளவு ஆழமுள்ள தொட்டி ஒன்று இருந்தது. முதலில் அதைப் பாசி போகத் தேய்த்தார். குழாயில் அன்று நூல்போலத்தான் தண்ணீர் வந்தது. ஆகவே கீழ்க்கடையின் குழாயில் வாளியில் பிடித்து, இருபத்திரண்டு படி ஏறி, ஊற்றிவிட்டு இறங்கினார். நாலைந்து நடைக்குப் பிறகு, அதுவரை படியோரம் உட்கார்ந்திருந்த லார்சன் எதிரே வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. "இன்னொரு வாளி எங்கே?" என்று மட்டும் கேட்டார். நவமணியார் காட்டினார்.

மதியம் தாண்டியும் அவர்கள் சுமந்தார்கள். லார்சன் தண்ணீரைச் சிந்திக்கொண்டே ஏறினார். நவமணியார் சிந்தாமல் ஏறினார். அதைக் கவனித்து ஒரு கணம் பெருமைப்பட்டார். உடனே, "ஆண்டவரே, இதையும் பாரும்" என்று அந்தப் பெருமையையும் அவரிடமே கொடுத்தார். இப்போது ஜெபம் வந்தது. ஒவ்வொரு படிக்கும் வந்தது. கோமளா வருவார் என்று தமக்கு அடையாளம் எதையும் அவர் கேட்கவில்லை. தொட்டி நிறையவேண்டும் என்று மட்டும் கேட்டார்.

இரண்டே முக்காலுக்குத் தொட்டி நிறைந்தது. நவமணியார் தரையில் மண்டியிட்டு, சிந்திய தண்ணீரைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார். மாடிப்படியில் காலடி கேட்டது.

கோமளா வந்தார். கடை உடுப்போடு, மிளகாய்ச் சம்பல் கறை படிந்த கையோடு, மூச்சிரைக்க வந்தார். நிறைந்த தொட்டியைப் பார்த்தார், நனைந்து கிடந்த இரு பெண்களையும் பார்த்தார்.

"யாரு எனக்குச் சொல்லி அனுப்புனது?" என்று கேட்டார்.

யாரும் அனுப்பவில்லை என்றார்கள்.

"சும்மா சொல்லாதீங்க. நான் அடுப்படியில நின்னு சம்பல் கிண்டிக்கிட்டு இருக்கேன். வீட்டுல ஒரு ஆள் இல்ல. காதுகிட்ட, நீங்க பேசுற மாதிரித் தெளிவா, ஒரு கொரல். 'என் மக நவமணி உனக்காகத் தண்ணி சொமக்கிறா. நீ இங்க நிக்கிறியே, போ'ன்னு சொல்லுது. அடுப்ப அணச்சிட்டு ஓடியாறேன்."

நவமணியார் துணியைக் கீழே வைத்தார். நெற்றி ஈரத் தரையில் படக் குனிந்தார். பெயருக்காக ஏங்கிய நெஞ்சு அது. அந்தப் பெயரைச் சொன்னவர் யார் என்று தெரிந்ததும், அவர் அழுத அழுகையில் சத்தமே இல்லை.

கோமளா குனிந்து அவர் தோளைத் தொட்டார். "எனக்கு இன்னும் கோவம் போகலை. ஆனா எம் புள்ளையப் பத்தி நீ சொன்னத இன்னொரு தடவ சொல்லு. முழுசா சொல்லு. அப்புறம் எறங்குறேன்."

நவமணியார் சொன்னார். முழுவதும் சொன்னார். அன்று நான்கு மணிக்கு, சொல்லி அனுப்பியதும் சபையார் சிலரோடு வந்த தேவநேசன் கையால் கோமளா ஞானஸ்நானம் பெற்றார். பேசியவர் லார்சன், நான்கு சொல்லுக்கு இரண்டு இடம் மாறின. தண்ணீரிலிருந்து ஏறிய கோமளாவுக்கு முன்னால் துண்டோடு நின்றவரும் லார்சனே. கைப்பேசியை வாங்கிப் படம் எடுத்தவர் நவமணியார். அப்போது அவர் நெஞ்சில் சுருக்கென்று ஒன்று குத்தியது உண்மை. அவர் அதை மறைக்கவில்லை. எல்லாரும் தெரியும்படி இரண்டு அடி பின்னால் தள்ளி நின்று, நல்ல படமாக எடுத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர் வழக்கம்போலக் கழிவறையைக் கழுவப் போனார்.

தம் நெஞ்சின் எரிச்சலைத் தம் வாயாலேயே சொல்லி, வரமாட்டேன் என்றவருக்கும் தண்ணீர் சுமந்து வைத்து, ஆண்டவர் வாயால் மகள் என்று பெயர் பெற்ற நவமணியாரின் எளிய அன்பு வாழ்க.