மரத்து மேல மட்டும் வழி தெரிஞ்சவன்

ஏய், வாயப் பொளந்துட்டு உக்காந்திருக்கீங்களே, ஒங்களத்தான்! மலை ஏறுன கதையச் சொல்றேன். நடுவுல "குரங்குப் புத்தி"ன்னு எவனாச்சும் சிரிச்சீங்க, வாலாலேயே சாத்துவேன்!

அன்னைக்குக் காலைல சருகுமான் என்கிட்டயும் முள்ளம்பன்னிகிட்டயும் ஓடி வந்தா. கழுத்துல, பன்னிக்கு வச்ச சுருக்குக் கம்பி. அத்துக்கிட்டு வந்துட்டா. ஆனா அது இறுகிக்கிட்டே போகுது.

"மலை உச்சி விகாரையில பிக்கு கம்பிய வெட்டி விடுவாராமே?"ன்னு கேட்டா.

"விடுவாரு தாயி"ன்னான் முள்ளம்பன்னி. "உச்சி வேளைக்குள்ள போகணும். பிக்குமாருக்கு மத்தியானத்துக்கு மேல சாப்பாடு கிடையாது. மிச்ச சோத்த நமக்குன்னு பாறையில வைக்க வெளிய வருவாரு. அப்புறம் கதவச் சாத்திட்டுத் தியானத்துல உக்காந்தா, மறுநாள்தான்!"

மறுநாள் வரைக்கும் அவ தாங்க மாட்டா.

"வழி எனக்குத் தெரியும்!"னேன். பொய்யில்ல. வாராவாரம் அங்க பூசைப் பழம் திருடுறவன் நான்.

நான் கிளை கிளையாத் தாவுனேன். கீழ ரெண்டு பேரும் ஓடி வந்தாங்க. முள்ளுப் புதர். அட்டை மொய்க்கிற சேறு.

"இது பாதையாடா?"

"குறுக்கு வழிண்ணே! காலுக்கு நல்லது!"

வெயில் ஏறுச்சு. சருகுமான் மூச்சு விசிலாட்டம் கேட்டுச்சு. திடீர்னு காடு முடிஞ்சு பெரிய பள்ளம். அந்தப் பக்கம் விகாரை. நான் வாராவாரம் ஒரே தாவுல தாண்டுற இடம்!

"நாங்க எப்படிடா தாண்டுறது?"

"அண்ணே... எனக்கு மரத்து மேலதான் வழி தெரியும். தரையில வந்ததே இல்ல."

முள்ளம்பன்னிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துருச்சு. சருகுமான் படுத்துட்டா. "என்னை விட்டுட்டுப் போங்க."

"எந்திரி தாயி! ஊதுபத்தி வாசம் வருது. ஆளுங்க பள்ளத்தச் சுத்திப் போற படி இந்தப் பக்கம்தான்!" முள்ளம்பன்னி என்னைப் பாத்துக் கத்துனான். "நீ தாவிப் போய் அந்த மனுசனப் பிடிச்சு வைடா!"

தாவுனேன். பிக்குவுக்குச் சோறு கொண்டாந்த வெள்ளைத் துணிக்காரங்க காலிப் பாத்திரத்தோட இறங்கிக்கிட்டிருந்தாங்க. தானம் முடிஞ்சிருச்சு! பிக்கு கதவுல கை வச்சுட்டாரு. பாய்ஞ்சு அவரு காவித் துணியக் கெட்டியாப் பிடிச்சேன்.

"பழக்கள்ளா, விடு!"

விடல. அவரு இழுத்தாரு, நானும் இழுத்தேன். கடைசிப் படியில சருகுமான் வந்து விழுந்தா. அவரு சத்தத்த நிறுத்திட்டு, உள்ள ஓடிக் குறடு எடுத்தாந்து கம்பிய வெட்டுனாரு. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அவ கண்ணத் தொறந்தா.

தெரியாதத முதல்லயே தெரியாதுன்னு சொல்லிடுங்க. லேட்டாச் சொன்னா அடுத்தவன் கழுத்துதான் இறுகும்.

தரை வழி எனக்குத் தெரியாதுன்னு பள்ளத்தப் பாத்துத்தான் புரிஞ்சுதுன்னு நெனக்காதீங்க. ரொம்ப முன்னாடியே தெரியும். வெக்கமா இருந்துச்சு, சொல்லல.