புறாக்கள் பாட்டை விழுங்கிய அரண்மனை

புறாக்கள் வாய்திறந்து பாடிய அந்தக் காலத்தில், மனிதர்களோடு அவை பேசவும் செய்தன. அப்போது செம்பியன்துறைக் கடற்கரையில் ஒரு வெள்ளை அரண்மனை இருந்தது. கடலிலிருந்து திரும்பும் படகுக்காரர்களுக்கு முதலில் தென்படுவது அதன் குவிமாடம்தான். வாரிசில்லாத ராணி கண்மூடும் முன், "இனி இங்கே ஊர்ப்பிள்ளைகள் படிக்கட்டும். இன்னார் பிள்ளை என்று பார்த்து யாரையும் வாசலில் நிறுத்தாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பள்ளிக்கு முதல் ஆசிரியையாக வந்தவள் வடிவாம்பாள். குவிமாடத்தின் உள்விளிம்பெங்கும் புறாக்கள் கூடு கட்டியிருந்தன. அவை பாடினால் பாட்டு மாடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து மண்டபத்தையே நிறைத்துவிடும். வடிவாம்பாளே எத்தனையோ முறை பாடத்தை மறந்து அண்ணாந்து நின்றிருக்கிறாள். ஆனால் அவள் வாயசைவது தெரியுமே தவிர, சொல்வது ஒரு பிள்ளைக்கும் கேட்காது. மூன்று மாதமாகியும் யாருக்கும் ஓர் எழுத்துகூட வரவில்லை.

ஊர்த்தலைவர் மாசிலாமணி வந்தார்.

"மழைக்காலம் வருகிறதம்மா. பிள்ளைகளை வெளியிலும் உட்காரவைக்க முடியாது. நாளைக் காலையில் வலைக்காரர்களை வரச் சொல்லியிருக்கிறேன்."

"அத்தனை புறாக்களையுமா?"

"வேறு வழியிருந்தால் சொல்லுங்கள்."

பிள்ளைகள் போனபின் வடிவாம்பாள் படியேறி மாடத்துக்குப் போனாள். அந்தி வெயிலில் சுவர்கள் தேன்நிறத்தில் மிதந்தன. முட்டைகள்மேல் அமர்ந்திருந்த தாய்ப்புறாவிடம், "நாளை வலை வருகிறது. இன்றே பறந்துவிடுங்கள்" என்றாள்.

"முட்டைகளை எதில் எடுத்துப்போவது?" என்றது புறா. பிறகு கேட்டது: "எங்கள் பாட்டைவிட அப்படி என்ன சொல்லித்தருகிறாய்?"

"நாளை விடிந்ததும் கொஞ்ச நேரம் பாடாமலிருங்கள். நீங்களே கேட்கலாம்."

மறுநாள் மண்டபம் நிசப்தமாக இருந்தது. மூன்று மாதமாகப் பிள்ளைகள் கண்ணால் மட்டும் பார்த்த எழுத்துகளுக்கு அன்றுதான் ஓசை கிடைத்தது. முத்துக்குளிப்பவரின் மகள் ஒருத்தி தரையில் பரப்பிய மணலில் வடிவாம்பாள் எழுதியிருந்ததை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

"ம... ர... க... த... ம்." கொஞ்சம் நிறுத்தி, "மரகதம். இது நான்தானே?" என்றாள்.

அந்தப் பெயர் மெல்ல மேலேறி, மாடத்தைச் சுற்றி, முட்டைகளின்மேல் வந்து இறங்கியது. தாய்ப்புறாவுக்குத் தொண்டைவரை பாட்டு வந்துவிட்டது. அது அலகை இறுக மூடிக்கொண்டது. மற்றப் புறாக்களும் மூடிக்கொண்டன. வெளியேற வழியில்லாத பாட்டு கழுத்துக்குள்ளேயே சுழன்று, பச்சையும் ஊதாவுமாய் இறகில் கசிந்தது.

வலைக்காரர்களோடு வந்த மாசிலாமணி வாசலிலேயே நின்றார். உள்ளே பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார்கள். "வலையைச் சுருட்டுங்கள்" என்று தணிந்த குரலில் சொன்னார்.

மாலையில் வடிவாம்பாள் மேலே போனாள். "பாடம் முடிந்தது. இனி பாடுங்களேன்."

புறா முயன்று பார்த்தது. உள்ளே இறங்கிய பாட்டு வெளியே வரவில்லை. நெஞ்சு விம்ம, தணிந்த குனுகல் மட்டுமே எழுந்தது. முட்டைகள் பொரியும் நாள்வரை வடிவாம்பாள் தினமும் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பாட்டை அவள் மறுபடி கேட்கவேயில்லை.

புறாக்கள் அலகைத் திறக்காமல் குனுகுவதும், அவற்றின் கழுத்தில் வண்ணம் மின்னுவதும் அன்று தொட்டுத்தான்.